ஏறிப் பார்த்தது

மனிதன் நிமிர்ந்து நடக்கக் கற்றுக்கொண்டதற்கு அடுத்தபடியாக மனித குலம் செய்த பெரிய காரியம் எங்கள் ஏணித் தொழிற்சாலையில்தான் நடந்தது. இடையில் குறிப்பிட்டுச் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. நெருப்பு, சக்கரம் என்று சிலர் பேசுவார்கள். நெருப்புக்கு ஓர் 'இலக்கு' இருந்ததா? சக்கரம் எந்த நிறுவனத்தின் நோக்கத்தை மனதில் வைத்து உருண்டது? சும்மா உருண்டது. அதற்குப் போய் இத்தனை பெருமை.

எங்களிடம் நடந்ததற்கு 'ஆள்பலத் திட்டத்தை வணிக இலக்கோடு நேர்ப்படுத்துதல்' என்று பெயர். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல எனக்கு நாலு நாள் பிடித்தது. சொல்ல வந்ததும் வீட்டில் சொல்லிக் காட்டினேன். "மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள் என் வீட்டுக்காரி.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எழுத்து வெட்டிய ஒரு தகடு என்னிடம் உண்டு. அதை ஏணியின் பக்கவாட்டில் வைத்து, சிவப்புச் சாயத்தைப் பஞ்சில் தொட்டு ஒற்றி எடுத்தால், 'ஏறிப் பார்த்தது' என்று விழும். அந்த எழுத்து விழாத ஏணி வாசலைத் தாண்டாது. பதினெட்டு வருஷமாக இதே வேலை. நான் யாரையும் நம்புகிற ஜாதி இல்லை. பூட்டைப் பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். நாலாவது தரம் வீட்டுக்காரியை விட்டு இழுக்கச் சொல்வேன். ஆகையால் ஏணிமேல் ஆள் ஏறியதை என் இரண்டு கண்ணாலும் பார்க்காமல் ஒரு முத்திரைகூடப் போட்டதில்லை.

ஏறுகிற ஆள் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரியின் தம்பி. நூற்றுப் பதினெட்டு கிலோ. தொழிற்சாலையில் 'மலை' என்று கூப்பிடுவார்கள். ஏணியைச் சுவரில் சாய்ப்பான், உச்சிக்கு இரண்டு படி கீழே வரைக்கும் போவான், முழங்காலை மடக்கி மூன்று முறை குதிப்பான். அங்கே ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. அது வழியாகத் தெருவைப் பார்த்து, சலூன் திறந்திருக்கிறதா, லாரி வந்துவிட்டதா என்று கீழே இருக்கிற எங்களுக்குச் செய்தி வாசிப்பான். ஏணி தாங்கினால் இறங்கி வந்து அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, "போகலாம்" என்பான். தாங்காவிட்டால் ஏணியோடு அவனும் இறங்குவான். அதற்காகக் கீழே இரண்டு பழைய மெத்தை போட்டிருந்தோம். வாரத்துக்கு மூன்று முறை விழுவான். விழுந்தபடியே, "இது வேணாம்" என்பான். உடைந்ததை உருக்கக் கொடுத்துவிடுவோம். இவ்வளவுதான் எங்கள் நடைமுறை. இதில் எந்த நேர்ப்படுத்தலும் இல்லாததை நீங்களே பார்க்கலாம்.

இந்த இருட்டில்தான் ஆலோசகர் வந்து சேர்ந்தார்.

மெலிந்த உடம்பு, பளபளவென்று செருப்பு, கையில் சிவப்புப் புள்ளி அடிக்கிற ஒரு விளக்கு. அந்தப் புள்ளியை எதன்மேல் அடிக்கிறாரோ அதற்கு அன்றோடு கெட்ட காலம் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மேனேஜர் எங்கள் எல்லோரையும் பொதி கட்டும் கூடத்தில் உட்காரவைத்தார். சுவரில் ஒரு பெரிய பலகை தொங்கியது. 'நம் இலக்கு: குறையே இல்லாத ஏணி.' அதற்குக் கீழே 'இந்த மாதம் உடைந்தவை' என்று எழுதி, எண் மாட்ட ஓர் ஆணி அடித்திருந்தார்கள்.

ஆலோசகர் ஒவ்வொருவரையும் எழுப்பி, உங்கள் வேலை இந்த இலக்குக்கு எப்படி உதவுகிறது என்று கேட்டார். டிரைவர், வண்டி ஓட்டுகிறேன் என்றார். எதை நோக்கி என்று ஆலோசகர் கேட்டார். சாமான் எங்கே போகவேண்டுமோ அதை நோக்கி என்றார் டிரைவர். 'ஓட்டுநருக்குத் திசை பற்றிய தெளிவு இல்லை' என்று ஆலோசகர் குறித்துக்கொண்டார். பெருக்குகிற அம்மா எழுந்து, "நான் கூட்டறேன்" என்றாள். உற்பத்தியைக் கூட்டுவதுதான் நம் எல்லோருடைய நோக்கம் என்று அவர் கை தட்டினார். நாங்களும் தட்டினோம். அந்த அம்மாவுக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்று இன்றுவரை புரியவில்லை. துடைப்பத்தை மட்டும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து நடக்கிறாள்.

பிறகு திசை. இலக்கைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பவன் இலக்கை அடைய முடியாது என்பது ஆலோசகரின் கண்டுபிடிப்பு. தரையில் மஞ்சள் சாயத்தால் அம்புக்குறி போட்டார்கள். எல்லா நாற்காலியும் பலகையைப் பார்த்துத் திரும்பியது. வாசல் காவலாளி வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். என் நாற்காலியையும் திருப்பினார்கள். பதினெட்டு வருஷமாக மலையைப் பார்த்திருந்த நான் பலகையைப் பார்க்க ஆரம்பித்தேன். மலை என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டான்.

"திரும்பிப் பாக்கலாமா சார்?" என்று கேட்டேன்.

"பாக்கலாம். ஆனா அது பின்னோக்கிய பார்வைன்னு பதிவாகும்" என்றார்.

எவ்வளவு ஆழமான மனிதர்.

அடுத்த வாரம் இன்னொரு கூட்டம். ஆலோசகர் பழைய நோட்டுகளை எல்லாம் அலசி வந்திருந்தார். முகத்தில் துக்க வீட்டுக் களை. போன வருஷம் இந்தத் தொழிற்சாலையில் நூற்று ஐம்பத்தாறு ஏணிகள் உடைந்திருக்கின்றன என்றார். அத்தனையும் ஒரே ஆளால் உடைந்தவை என்றார். சிவப்புப் புள்ளி மெல்ல நகர்ந்து வந்து மலையின் வயிற்றில் நின்றது. அவன் அதை ஏதோ பூச்சி என்று நினைத்துத் தட்டிவிட்டான்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேன்.

"வாங்கினவங்க வீட்டுல எத்தனை சார் உடைஞ்சிருக்கு?"

"ஒண்ணுகூட இல்லை."

"அதைத்தான் சார் நான் சொல்ல வர்றேன்."

"அதையேதான் நானும் சொல்றேன். வேற யாருமே உடைக்கறதில்லை. இவர் ஒருத்தர்தான் உடைக்கறார்."

உட்கார்ந்துவிட்டேன். படித்தவர்களோடு வாதம் பண்ணக் கூடாது. நம் கையில் இருக்கிற உண்மையையே பிடுங்கி நம்மை அடிப்பார்கள்.

தீர்ப்பு வந்தது. மலைக்கு ஒரு மாதத் தவணை. அந்த மாதத்தில் ஓர் ஏணிகூட அவனால் உடையாவிட்டால் வேலை நிலைக்கும். உடைந்தால் 'விடுவிக்கப்படுவார்'. இந்த வார்த்தையைக் கேட்டு மலை சந்தோஷப்பட்டான். தன்னை யாரோ இதுவரை கட்டிவைத்திருந்ததாக நினைத்துவிட்டான் போல. நான்தான் தனியாகக் கூட்டிப்போய் அர்த்தம் சொன்னேன். அவனுக்கு வேறு வேலை தெரியாது. நூற்றுப் பதினெட்டு கிலோவைத் தகுதி என்று எடுத்துக்கொள்கிற இடம் உலகத்தில் எத்தனை இருக்கும்? வீட்டில் மனைவி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள்.

அதோடு மெத்தைகளையும் எடுத்துவிட்டார்கள். கீழே மெத்தை கிடப்பது 'விழலாம் என்ற மனப்பான்மையை வளர்க்கிறது' என்று ஆலோசகர் கண்டிருந்தார். மெத்தை இரண்டும் அவர் அறை சோபாவுக்கு அடியில் போயின. அங்கே என்ன மனப்பான்மையை வளர்த்தன என்று தெரியாது.

மற்றவர்களுக்கும் இலக்கு உண்டு. வெல்டிங்காரருக்கு நாளொன்றுக்கு இத்தனை ஏணி, எனக்கு நாளொன்றுக்கு இத்தனை முத்திரை. ஏணி ஆளைத் தாங்குகிறதா என்பது யாருடைய இலக்கிலும் வரவில்லை. சின்ன விஷயம், விட்டுப்போயிருக்கும்.

அன்று சாயங்காலம் மலை எங்கள் வீட்டுக்கு வந்தான். கூடத்தில் உட்கார்ந்து பேசினோம்.

"மெதுவா ஏறு மாப்ளே" என்றேன். "பூனை மாதிரி ஏறி, பூனை மாதிரி இறங்கு. குதிக்காத. எதுவும் உடையாது."

"மெதுவா ஏறினா எப்படி மாமா தெரியும்?"

"தெரிய வேணாம். அதுக்குத்தான் மெதுவா ஏறச் சொல்றேன்."

உள்ளே இருந்து என் வீட்டுக்காரி வந்து நின்றாள். "இவன் மெதுவா ஏறுவான். வாங்கிட்டுப் போறவன் தண்ணி டேங்க் கழுவ ஏறுவான், கையில வாளியோட. அவனும் மெதுவாத்தான் ஏறுவானா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு நேர்ப்படுத்தல் பற்றி யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

மலை அந்த ராத்திரி தூங்கினானோ இல்லையோ, மறுநாள் ஒரு திட்டத்தோடு வந்தான். பூனை மாதிரியே ஏறினான். பலகையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் எனக்குப் பின்னால் இருந்து குரல் மட்டும் வரும். நல்ல ஏணி என்றால், "போகலாம்." காலுக்கடியில் முனகுகிற ஏணி என்றால், "போகலாம்" என்று சொல்லி ஒரு இருமல். இருமினால் நான் முத்திரை போடமாட்டேன். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் போனபிறகு, இருமல் வாங்கிய ஏணியைத் தூக்கிக்கொண்டு கழிவறைக்குப் பின்னால் போவான். அங்கே சாய்த்து, பழையபடி குதித்து, உடைத்து, சுவர் ஓரம் போட்டு ஓலைத் தட்டியால் மூடிவிட்டு வருவான்.

"எதுக்குடா உடைக்கணும்? அப்படியே வெச்சுட வேண்டியதுதானே" என்றேன்.

"உடைக்காம வெச்சா யாராவது எடுத்து வித்துடுவாங்க மாமா."

ஆணியில் பூஜ்யம் தொங்கவில்லை. மாதக் கடைசியில் விழா எடுத்து மாட்டுவதாக இருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு நாளும் ஆலோசகர் வந்து மலையின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எட்டித்தான் தட்டவேண்டியிருந்தது. இப்படி மாதம் ஓடியது. ஓலைத் தட்டிக்கு அடியில் பதினொரு ஏணி சேர்ந்தது.

மாதத்தின் கடைசி வேலை நாள். மேனேஜர் கணக்குப் பார்த்ததில் வெல்டிங்காரரின் இலக்கில் பதினொன்று குறைந்தது. என் முத்திரையிலும் பதினொன்று குறைந்தது. நாளை விழா, எண்ணிக்கை சரியாக வராவிட்டால் எங்கள் இரண்டு பேர் மேலும் சிவப்புப் புள்ளி விழும் என்று மேனேஜர் அன்போடு சொன்னார். வெல்டிங்காரர் தலையைச் சொறிந்துகொண்டு கழிவறைப் பக்கம் போனார். வெகு நேரம் கழித்து முகமெல்லாம் மலர்ச்சியாகத் திரும்பினார். வயிறு சரியாகிவிட்டது போலும் என்று நினைத்தேன்.

சாயங்காலம் மலை வீட்டுக்குப் போனபிறகு, என் பக்கத்தில் புதிதாகச் சாயம் பூசிய ஏணிகள் அடுக்கியிருந்தன. எண்ணினேன். சரியாகப் பதினொன்று. சாயம் இன்னும் விரலில் ஒட்டியது. மலை ஏறிப் பார்த்துவிட்டுத்தான் போயிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூட்டை மூன்று தரம் இழுக்கிறவன், அன்று ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தபடி பதினொரு முத்திரையும் போட்டு முடித்தேன். எண்ணிக்கை அச்சாக வந்துவிட்டது. இலக்கின் மகிமை அப்படி.

மறுநாள் விழா. பலகைக்கு இரண்டு பக்கமும் பலூன். படம் எடுக்க ஒருவரை வரவழைத்திருந்தார்கள். கெட்டி அட்டையில் ஒரு ஆள் உள்ளே நுழைந்து வெளியே வரலாம் போலப் பெரிய பூஜ்யம் ஒன்று வெட்டிவைத்திருந்தார்கள். அதை ஆலோசகர் தன் கையாலேயே மாட்டுவதாக ஏற்பாடு. அடுக்கிலிருந்து பளபளப்பான ஒரு புது ஏணியை எடுத்துச் சாய்த்தார்கள். ஆலோசகர் பூஜ்யத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏற ஆரம்பித்தார். மலை கடைசி வரிசையில் நின்றிருந்தான். அவன் வேலை நிலைத்துவிட்டது என்று அவன் பெண்கள் இரண்டு பேரும் காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லியிருந்தார்கள்.

ஆலோசகர் ஐந்தாம் படிக்குப் போனபோது மலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"சார், இறங்குங்க" என்றான்.

"இரு. படம் எடுக்கறாங்க."

"அந்த ஏணி வேணாம் சார். அது உடைஞ்ச ஏணி."

ஆலோசகர் சிரித்தார். "நம்மகிட்ட உடைஞ்ச ஏணியே கிடையாதுப்பா. அதுக்குத்தான் இந்த விழாவே."

"நான்தான் சார் உடைச்சேன். ஆறாவது படி. ஓரத்துல ஒட்டுப் போட்டிருக்காங்க பாருங்க, சாயம் பூசினாலும் தெரியுது."

வெல்டிங்காரர் தன் செருப்பைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் விரலில் ஒட்டிய சாயம் ஞாபகம் வந்தது.

மேனேஜர் மலையின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். மெதுவாகத்தான் பேசினார், எனக்குக் கேட்டது. "யோசிச்சுப் பேசு. உடைச்சேன்னு சொன்னா இன்னிக்கே வேலை போயிடும். உடைக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லு, எல்லாருக்கும் நல்லது."

மலை என்னைப் பார்த்தான். ஆமாம் மாப்ளே, முத்திரை போட்டது நான்தான், பார்க்காமல் போட்டுவிட்டேன் என்று நான் சொல்லியிருக்கவேண்டிய இடம் அது. ஆனால் ஒரு மாதப் பழக்கம். என் கழுத்து தானாகத் திரும்பி இலக்கைப் பார்த்தது.

"உடைச்சேன் சார்" என்றான் மலை.

"எத்தனை?" என்று மேலிருந்து கேட்டார் ஆலோசகர்.

"பதினொண்ணு."

ஆலோசகருக்கு வந்த சங்கடத்தை நீங்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். பூஜ்யம்தான் வெட்டிவைத்திருந்தார்கள், பதினொன்று வெட்டவில்லை. இருந்தாலும் கடமை தவறாதவர். ஏணிமேலேயே சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து எண்ணைக் குறித்துக்கொள்ள முனைந்தார். எழுத வசதியாக ஒரு படி மேலே கால் வைத்து நின்றார். அது ஆறாவது படி.

மெத்தை இல்லை. மலைதான் இருந்தான். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போய்க் கீழே நின்றான். ஆலோசகர் அவன் வயிற்றில் விழுந்தார். அவரோடு அவன் தரையில் விழுந்தான். பூஜ்யம் ஒரு சுற்றுச் சுற்றி வந்து மேனேஜர் கழுத்தில் மாலையாக இறங்கியது. படம் எடுப்பவர் அந்தக் கட்டத்தைத்தான் அழகாக எடுத்திருந்தார். ஆலோசகருக்கு ஒரு கீறல்கூட இல்லை. மலைக்கு முழங்கை பிசகிவிட்டது.

மலையின் வயிற்றின்மேல் படுத்தபடியே ஆலோசகர் ஒரு விரலை உயர்த்தினார்.

"பாத்தீங்களா? இவர் பக்கத்துல வந்தாலே உடையுது."

அறிக்கை மூன்றாம் நாள் வந்தது. மேனேஜர் வாசித்தார். இந்த மாதம் உடைந்த ஏணிகள் பன்னிரண்டு, பன்னிரண்டு சமயத்திலும் அருகில் இருந்தவர் ஒரே ஒருவர், அவர் விடுவிக்கப்படுகிறார். ஆலோசகர் ஏறிய அந்த ஒரே ஏணி இரண்டு தரம் உடைந்ததையும் இரண்டாகச் சேர்த்திருந்தார்கள். இவ்வளவு நுணுக்கமாக எண்ணத் தெரிந்தவர்கள், மிச்சம் பத்து எங்கே என்று மட்டும் எண்ணவில்லை.

நான் போய்க் கேட்டேன். விழா நடந்த அன்றே லாரி ஏறிப் போய்விட்டது என்றார் மேனேஜர்.

"அந்தப் பத்தும் ஒட்டுப் போட்டது சார்."

"வாங்கினவங்க யாராவது புகார் பண்ணாங்களா?"

"இன்னும் இல்லை."

"அப்ப பூஜ்யம்" என்றார்.

மலை இப்போது ஒரு மெத்தைக் கடையில் இருக்கிறான். வாங்க வருகிறவர்கள் முன்னால் மெத்தைமேல் குதித்துக் காட்டவேண்டும். அந்தக் கடைக்கு இன்னும் ஆலோசகர் யாரும் வரவில்லை. சீக்கிரம் வருவார். என்னோடு மலை பேசுகிறான்; பழைய மாதிரி "மாமா" என்றுதான் கூப்பிடுகிறான். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. அவன் அக்காதான் பேசுவதில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

ஏறிப் பார்க்கிற வேலைக்கு வேறு ஆள் போடவில்லை. போட்டால் உடையும். மூன்று மாதமாக ஆணியில் பூஜ்யம் தொங்குகிறது. ஆலோசகருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எங்கள் ஆள்பலம், இலக்கு, அம்புக்குறி எல்லாம் ஒரே கோட்டில் நிற்கின்றன. மனித குலம் இதற்கு மேல் போக முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் பல்பு மாற்றவேண்டுமென்றால் நான் நாற்காலிமேல்தான் ஏறுகிறேன். அது வேறு விஷயம்.

என் வேலை மட்டும் போகவில்லை. போகாது, முத்திரையில் நான் இலக்கைத் தாண்டிவிட்டேன். பஞ்சைத் தொட்டு ஒற்றிக்கொண்டே இருக்கிறேன். இந்த வருஷம் நீங்கள் ஓர் ஏணி வாங்கியிருந்தால் பக்கவாட்டில் பாருங்கள், 'ஏறிப் பார்த்தது' என்று சிவப்பாக இருக்கும். என் கைதான். யார் ஏறிப் பார்த்தது என்று கேட்கிறீர்களா? இன்னும் யாரும் ஏறவில்லை. உங்களுக்காகத்தான் வைத்திருக்கிறோம்.